வெளிநாட்டில் நிபுணராகப் பதிவது: கடதாசியை வன்னியிலேயே சேர்க்கத் தொடங்குங்கள்

வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வைத்தியர்களாக வேலை செய்கிற தம்பி தங்கச்சிமாரிடமிருந்து மாதம் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வரும். "அண்ணா, எம்.டி. முடிச்சிட்டன், போர்ட் சேர்ட்டிபிகேட்டும் வரப்போகுது, அங்க கன்சல்டன்ற்றா வாறதுக்கு என்ன சோதினை எழுதோணும்?" எம்.டி. என்பது பட்டப்பின் நிபுணத்துவப் பட்டம், போர்ட் சேர்ட்டிபிகேட் அதற்குப் பிறகு நிபுணர் என்று உறுதிசெய்கிற சான்றிதழ், கன்சல்டன்ற் என்றால் விசேட வைத்திய நிபுணர்.

சோதினை எழுதியே வளர்ந்த சனம் நாங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கி எம்.டி. வரைக்கும் ஒரு சோதினை முடிந்தால் அடுத்தது, அதைத் தாண்டினால் கதவு திறக்கும். வெளிநாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். ஆனால் விசேட வைத்திய நிபுணராகப் பதிவதில் சோதினை பாதிகூட இல்லை, மிச்சமெல்லாம் கடதாசி. அந்தக் கடதாசியில் பெரும்பகுதி நீங்கள் இப்போது வேலை செய்கிற வார்ட்டிலும் கிளினிக்கிலும் றெக்கோர்ட் ரூமிலும்தான் கிடக்கிறது. விமானம் ஏறிய பிறகு அதை எடுக்க நினைப்பது, கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி இல்லாமல் எடுக்கிற கதை.

நான் போனது பிரித்தானியா. அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன், மற்ற நாடுகளைக் கடைசியில் தொட்டுக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பதிவு என்பது இரண்டு. ஜி.எம்.சி. என்கிற பொது மருத்துவ சபையில் முழுப் பதிவும் லைசன்சும் கிடைத்தால் நீங்கள் அங்கே வைத்தியராக வேலை செய்யலாம். நிபுணர் பதிவேடு வேறு. தேசிய சுகாதார சேவையில் நிரந்தர கன்சல்டன்ற் வேலைக்கு உங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் இருந்தே ஆகவேண்டும். தற்காலிகமாக, லோகம் கன்சல்டன்ற்றாக வேலை செய்யச் சட்டப்படி அது தேவையில்லை, கன்சல்டன்ற்றுக்குக் கீழே றெஜிஸ்ட்ராராகவோ ஸ்பெஷால்டி டொக்டராகவோ வேலை செய்யவும் தேவையில்லை. கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் தந்த போர்ட் சேர்ட்டிபிகேட் உங்களை நேரே அந்தப் பதிவேட்டில் ஏற்றாது. ஊரில் வார்ட்டுக்குப் பொறுப்பான நிபுணர், வி.பி. ஐயா வாறார் என்று வார்ட்டே எழும்பி நிற்கும், இங்கே வந்து ஒரு இருபத்தெட்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து இரவு ரோட்டாவில், அதாவது இரவுக் கடமைப் பட்டியலில், நிற்கவேண்டி வரும். எனக்கு அது முதல் ஆறு மாதம் குத்தியது, பிறகு பழகிவிட்டது. மனதை இப்போதே தயார்ப்படுத்தி வைத்திருங்கள், ஏனென்றால் இதில் மனமுடைந்து திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

முழுப் பதிவு

இதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு ஐயெல்ட்ஸ் அகடமிக்கில் மொத்தம் 7.5, நான்கு பகுதியிலும் 7.0க்குக் குறையக்கூடாது. அல்லது வைத்தியத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யில் நான்கிலும் பி தரம், அதுவும் ஒரே தடவையில். இரண்டுக்கும் ஆயுள் இரண்டு வருடம், ஆகவே மற்ற வேலையெல்லாம் ஓரளவு தயாரான பிறகு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை உள்ளகப் பயிற்சிக் காலத்திலேயே உற்சாகமாக எழுதிவிட்டு, விண்ணப்பிக்கும்போது காலாவதியாகி, திரும்பவும் ஏ9 வீதியில் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் எழுதினாள். எங்களுடைய ஆட்களுக்குப் பொதுவாக இடிப்பது எழுத்துப் பகுதி. கேட்பதும் வாசிப்பதும் பயிற்சியில் வந்துவிடும்.

மருத்துவ அறிவைக் காட்டுவதற்கு பிளாப் என்கிற ஜி.எம்.சி.யின் சோதினை ஒரு வழி. முதற்பகுதி 180 கேள்வி, மூன்று மணித்தியாலம், கொழும்பிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்குப் போகவேண்டும். இன்னொரு வழி எம்.ஆர்.சி.பி., எம்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.ஓ.ஜி. மாதிரி, அந்தந்தத் துறை நிபுணர்களின் அமைப்பான றோயல் கல்லூரிகள் நடத்துகிற, ஜி.எம்.சி. ஏற்றுக்கொள்கிற பட்டப்பின் தகுதி ஒன்று. நிபுணராகப் பதிவதுதான் உங்கள் எண்ணமென்றால் என்னைக் கேட்டால் பிளாப்பை விட்டுவிட்டு இரண்டாவது வழிக்குப் போங்கள் என்பேன். பிளாப் முழுப் பதிவோடு செத்துப்போகும், றோயல் கல்லூரிச் சோதினை பிறகு நிபுணர் விண்ணப்பத்துக்குள்ளும் ஒரு சான்றாகப் போய் உட்காரும். மூன்றாவதாக, றோயல் கல்லூரிகள் பொறுப்பேற்று இரண்டு வருடம் வரை பயிற்சிக்கு அழைக்கிற எம்.டி.ஐ. திட்டம் இருக்கிறது. எம்.டி.க்குப் பிந்திய பயிற்சிக் கட்டத்தில் சீனியர் றெஜிஸ்ட்ராராக வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பலர் அந்த வழியால்தான் வருகிறார்கள்.

இலங்கை மருத்துவ சபையிடமிருந்து நன்னிலைச் சான்றிதழும் வேண்டும். அதற்குக் கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் உயிர், அதனால் அவசரப்பட்டு முன்னமே எடுத்து வைக்காதீர்கள். பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடமே நேரே கேட்டுச் சரிபார்க்கிற எபிக் என்கிற முறைக்கு இதற்கு நேரெதிர், எவ்வளவு முந்தித் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. பதிவாளர் பணிமனையில் உங்கள் பெயருக்கு வந்த மின்னஞ்சலை யாராவது திறந்து பதில் போடவேண்டும், அது தானாக நடக்காது, நேரே போய் ஒரு முகத்தைப் பார்த்துக் கதைத்துவிட்டு வந்தால் நடக்கும்.

பெயர்

இது சின்ன விஷயம் போல இருக்கும், ஆனால் வன்னிப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இதில்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஓ.எல். சான்றிதழில் முதலெழுத்தோடு, பட்டச் சான்றிதழில் முழுப் பெயரும், கடவுச்சீட்டில் யாரோ ஒரு உத்தியோகத்தர் பிரித்த மாதிரி. 'த'வுக்கு ஒரு இடத்தில் வெறும் 'டி', இன்னொரு இடத்தில் பின்னால் ஒரு 'எச்'. 'சிவ' என்பதில் 'எச்' வருமா வராதா என்பது அந்தந்த நாள் கிளார்க்கின் மனநிலை. தமிழில் எல்லாம் ஒன்றுதான், ஆனால் லண்டனில் இருந்து பார்க்கிறவருக்கு இவர்கள் இரண்டு பேர்.

எபிக் கணக்குத் திறக்க முதலே கடவுச்சீட்டையும் பட்டச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள், ஆங்கிலத்திலேயே முடியுங்கள். கலியாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டில் கணவரின் பெயரைப் போட்ட பெண் வைத்தியர்களுக்கு விவாகச் சான்றிதழும், அதற்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பும் தேவைப்படும். வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவைப்பட்டால் கொழும்புக்கு ஓடவேண்டாம், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் அதற்குப் பிராந்தியக் கொன்சூலர் அலுவலகம் இருக்கிறது.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையே தொலைத்தவர்கள் பயப்படத் தேவையில்லை. அசலைத் தேடி அலையாமல் பிரதேச செயலகத்தில் பிரதி எடுங்கள். என்னுடையது தொலையவில்லை. 2009 இல் அம்மா எங்கள் சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றி, வாயை ரப்பரால் கட்டி, இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தவர். நகையை விட்டுவிட்டு வந்தவர் அதை விடவில்லை. எனது ஏ.எல். சான்றிதழில் இன்னும் தண்ணீர்க் கறை இருக்கிறது. ஸ்கான் பண்ணி அனுப்பினால் இது என்ன அடையாளம் என்று கேட்பார்களோ என்று பயந்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒன்று. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் விழுந்த பெயர்தான் அங்கே உங்கள் குடும்பப் பெயர். எனக்கு அப்பாவின் பெயர் மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் விழுந்து, அதுவே என் முதற்பெயராகிவிட்டது. ஒரு வருடம் முழுக்க வார்ட்டில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள், நேர்ஸ்மார் கிறிஸ்மஸ் கார்டில்கூட "அன்புள்ள" என்று அப்பாவுக்கு எழுதினார்கள். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அவருக்கு நல்ல சந்தோசம்.

போர்ட்போலியோ

இனித்தான் உண்மையான வேலை. பிரித்தானியாவிலேயே பயிற்சி பெற்றவர்களுக்கு சி.சி.டி. என்கிற பயிற்சி முடித்த சான்றிதழ் கிடைக்கும். எங்களைப் போல வெளியில் பயின்றவர்களுக்கு முன்பு சி.ஈ.எஸ்.ஆர். என்று ஒரு வழி இருந்தது. 2023 நவம்பர் 30 ஆம் திகதி முதல் அதற்குப் பெயர் போர்ட்போலியோ பாதை. பெயர் மட்டும் மாறவில்லை. முன்பு உங்கள் பயிற்சி சி.சி.டி.க்குச் சமானம் என்று நிறுவவேண்டும். இப்போது அந்தத் துறையில் அங்கே நிபுணராக வேலை செய்யத் தேவையான அறிவும் திறமையும் அனுபவமும் உங்களிடம் இருக்கிறது என்று காட்டினால் போதும். விண்ணப்பிக்கும் தகுதிக்கு அந்தத் துறையில் நிபுணத்துவப் பட்டமோ, குறைந்தது ஆறு மாதத் தொடர்ச்சியான பயிற்சியோ இருக்கவேண்டும், எம்.டி. முடித்தவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

விண்ணப்பம் ஜி.எம்.சி.க்குப் போகும், அந்தத் துறையின் றோயல் கல்லூரி மதிப்பிட்டுப் பரிந்துரை சொல்லும், முடிவு ஜி.எம்.சி.யுடையது. ஒவ்வொரு துறைக்கும் என்னென்ன சான்று வேண்டும் என்று ஜி.எம்.சி. ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். அதை இன்றைக்கே இறக்கி அச்செடுத்து மேசையில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத்தான் போவீர்கள் என்றாலும் இன்றைக்கே. நான் அதை வாசித்தது இங்கே வந்து இரண்டாவது வருடத்தில். வாசித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஏனென்றால் அதில் கேட்டிருந்ததில் பாதியை நான் ஊரில் செய்திருந்தேன், ஒன்றுக்கும் கையில் ஆதாரம் இல்லை.

அவர்கள் கேட்பது நூற்றுக்கணக்கான பக்கங்கள். நீங்கள் எத்தனை நோயாளியைப் பார்த்தீர்கள் என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. பாடத்திட்டத்தில் ஒவ்வொரு இலக்காக எடுத்து, இதற்கு ஆதாரம் எங்கே, இதற்கு எங்கே என்று கேட்பார்கள். இங்கேதான் வன்னி வைத்தியர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல். நெல் வெட்டுக் காலத்தில் ஒரு கிழமைக்குள் எத்தனை புடையன் கடி பார்த்திருப்போம். நஞ்சு குடித்தவர்கள், டெங்கு, எலிக்காய்ச்சல், சிறுநீரகம் பழுதான விவசாயிகள். அந்த அனுபவத்துக்கு முன்னால் இங்குள்ளவர்கள் சின்னப் பிள்ளைகள். ஆனால் பாம்புக்கடியில் நூறு கேஸ் எழுதி அனுப்பினால் அது ஒரே ஒரு பெட்டியைத்தான் நிரப்பும். முதியோர் பராமரிப்பு, மரணத் தறுவாயிலுள்ளவரின் குடும்பத்தோடு கதைப்பது, பல துறையினர் கூடி எடுக்கும் முடிவு, வீட்டுக்கு அனுப்புவதைத் திட்டமிடுவது, இந்தப் பெட்டிகள் காலியாகக் கிடக்கும். இவற்றையும் நீங்கள் ஊரில் செய்கிறீர்கள். மல்லாவியிலிருந்து வந்த ஒரு ஐயாவின் மகளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, இனி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் இழுத்தடிக்க வேண்டாம் என்று முக்கால் மணித்தியாலம் கதைத்திருப்பீர்கள். எழுதவில்லை, அதுதான் குறை. அன்றிரவே அரைப் பக்கம் எழுதி, அந்த வார்ட்டின் கன்சல்டன்ற்றிடம் கையெழுத்தும் சீலும் வாங்கியிருந்தால் அது சான்று.

எம்.டி. பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். போர்ட் சேர்ட்டிபிகேட்டுக்கு முன் ஒரு போர்ட்போலியோவைக் காட்டித்தானே வாய்மொழிப் பரீட்சைக்கு இருக்கிறீர்கள்? நோயாளியைப் பார்ப்பதை அருகில் நின்று மதிப்பிடுகிற மினி கெக்ஸ், ஒரு நோயாளியைப் பற்றிக் கலந்துரையாடுகிற கேஸ் பேஸ்ட் டிஸ்கஷன், கூட வேலை செய்கிறவர்கள் புள்ளி போடுகிற பியர் டீம் ரேட்டிங் எல்லாம் அதில் இருக்கிறதுதானே? அதுதான் விதை நெல். பரீட்சை முடிந்த கையோடு அந்தப் பைலை வீட்டு அலுமாரிக்கு மேல் போட்டுவிடாதீர்கள். வன்னியில் அலுமாரிக்கு மேல் போட்ட கடதாசியைக் கறையான் தின்னும், மாரியில் ஓட்டுக்கால் ஒழுகும். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் பண்ணி, கணினியில் ஒன்று, இணையத்தில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வையுங்கள். போனில் படம் பிடித்தால் சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெருப்பித்துப் பாருங்கள்.

ஓடிட், அதாவது எங்கள் வேலையின் தரத்தைக் கணக்கெடுத்துப் பார்ப்பது, பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஓடிட் நடக்காமல் இல்லை, ஆனால் ஒரு தடவை கணக்கெடுத்து, ஸ்லைட் போட்டு, ரோல்சும் பிளேன் ரீயும் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். அவர்கள் தேடுவது வட்டம் முடிந்த ஓடிட். கணக்கெடுத்தீர்கள், குறை கண்டீர்கள், ஏதாவது மாற்றினீர்கள், சில மாதம் கழித்துத் திரும்பக் கணக்கெடுத்தீர்கள், கூடியதா குறைந்ததா? பெரிய விஷயமாக இருக்கத் தேவையில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை பார்க்கிற அட்டவணை முழுதாக நிரப்பப்படுகிறதா என்பது போதும். புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்கு மாற்றின நோயாளிகளின் கடிதத்தில் கொடுத்த மருந்தும் நேரமும் எழுதியிருந்ததா என்பது இன்னும் நல்லது. இரண்டாவது கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கவேண்டும், அதனால் இடமாற்றம் வர முன்னம் முடித்துவிடுங்கள். தாய்மார் மரண ஆய்வுக் கூட்டங்களிலும் பிரசவகாலச் சிசு மரண ஆய்வுகளிலும் இருக்கிறவர்கள் வருகைப் பதிவின் பிரதியும், உங்கள் பங்களிப்பைச் சொல்லி ஒரு கடிதமும் எடுங்கள். பாதுகாப்பு, தரம் என்று அவர்கள் கேட்கிற பகுதிக்கு அது தங்கம்.

எங்களுக்குக் கடினமானது பிரதிபலிப்புக் குறிப்பு. ஒரு பிழை நடந்தது, நான் என்ன நினைத்தேன், என்ன கற்றேன், இனி எப்படிச் செய்வேன் என்று எழுதுவது. எங்கள் ஊரில் பிழையை எழுத்தில் வைத்தால் நாளைக்கு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயம், அது சும்மா பயமும் இல்லை. அதனால் எல்லோரும் "நல்ல அனுபவமாக இருந்தது" என்று எழுதி முடிப்போம். அது செல்லாது. நோயாளியின் உயிரைப் பறித்த பிழையைத் தேடவேண்டாம், தாமதமாகக் கூப்பிட்ட ஒரு அழைப்பு, அவசரத்தில் ஒழுங்காகச் சொல்லாமல் விட்ட ஒரு விளக்கம், அதை நேர்மையாக எழுதுங்கள்.

நோயாளிகளின் கருத்துப் படிவம் இன்னொரு பொறி. எங்கள் சனம் டொக்டரைப் பற்றிக் குறை எழுதாது. அதுவும் வார்ட்டில் படிவத்தைக் கொடுப்பது நீங்களே என்றால், "டொக்டர் கடவுள் மாதிரி" என்றுதான் வரும், எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு நேர்ஸ் மிஸ்ஸே நிரப்பிக் கொடுப்பா, முப்பது படிவமும் ஒரே கையெழுத்தில் முழுப் புள்ளியோடு இருக்கும். அதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? படிவத்தைத் தமிழில் தயாரியுங்கள், உங்களோடு சம்பந்தமில்லாத ஒருவர் கிளினிக் வாசலில் கொடுத்துப் பெட்டியில் சேகரிக்கட்டும், பிறகு மொழிபெயர்ப்பை இணையுங்கள். ஒரு பாட்டா எனக்கு "நல்லா மருந்து தாறார், ஆனா மூஞ்சையைப் பார்த்துக் கதைக்கிறேல்லை, கொப்பியைத்தான் பாக்கிறார்" என்று சொல்லி எழுதுவித்திருந்தார். அந்த ஒரு வரியும், அதற்குப் பிறகு நான் என்ன மாற்றினேன் என்ற குறிப்பும் மற்ற முழுப் புள்ளிப் படிவங்களை விடப் பெறுமதி.

எல்லாவற்றிலும் நோயாளியின் அடையாளத்தை அழிக்கவேண்டும். பெயர், விலாசம், பிறந்த திகதி, பி.எச்.ரி. என்கிற வார்ட் நோயாளர் அட்டையின் இலக்கம், கிளினிக் இலக்கம் எல்லாம். வயதும் பாலும் இருக்கலாம். மார்க்கரால் கறுப்படித்தால் போதாது, ஸ்கானில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் எழுத்துத் தெரியும். கறுப்படித்ததைப் போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை ஸ்கான் பண்ணுங்கள். வன்னியில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும், இருநூறு குடும்பம் இருக்கிற ஊரில் 'ஒரு கால் இழந்த, மூன்று பிள்ளைகளின் தகப்பன்' என்று எழுதினால் பெயரே தேவையில்லை. ஊர்ப் பெயரையும் எடுத்துவிடுங்கள். ஆவணங்களின் பிரதியை எடுக்க முதல் பணிப்பாளரிடமோ மருத்துவ அத்தியட்சகரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள், றெக்கோர்ட் ரூம் அண்ணையைத் தெரியும் என்பதற்காகக் களவாக எடுக்கவேண்டாம்.

சான்றுகளை உண்மை என்று உறுதிப்படுத்தும் கையெழுத்து நீங்கள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும். ஜி.எம்.சி. கையெழுத்திட்டவரைத் தொடர்புகொள்ளும். இங்கேதான் இடமாற்றம் எங்களைக் கொல்கிறது. வன்னிக்கு வருகிற கன்சல்டன்ற்மாரில் பலர் வந்த கையோடு அடுத்த இடமாற்றப் பட்டியலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இன்றைக்கு மாங்குளத்தில் உங்களோடு ரவுண்ட்ஸ் போகிறவர் இரண்டு வருடத்தில் அம்பாந்தோட்டையில் இருப்பார், நான்கு வருடத்தில் மெல்பேர்னில் இருப்பார். ஆகவே ஒவ்வொரு நியமனம் முடியும்போதும், பிரியாவிடைக் கேக் வெட்ட முதலே, ஒரு முழுக் கட்டையும் கொண்டுபோய்க் கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள், மின்னஞ்சலையும் நிரந்தரத் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஆஸ்பத்திரியின் தலைப்புத்தாளில் இருக்கட்டும். எங்கள் பக்கம் எல்லோரும் ஜிமெயில் பாவிக்கிறபடியால் தலைப்புத்தாளும் பதவிச் சீலும்தான் நம்பிக்கை தரும்.

ஊரிலிருந்தே, பிரித்தானியாவில் ஒரு நாள்கூட வேலை செய்யாமல் விண்ணப்பிக்கலாமா? விதிப்படி முடியும், வென்றால் பிளாப்பும் தேவையில்லை. நடைமுறையில் அது ஒற்றைக் காலில் நின்று கிடாரம் தூக்குகிற வேலை. நான் சொல்வது, றெஜிஸ்ட்ராராகவோ ஸ்பெஷால்டி டொக்டராகவோ வந்து சில வருடம் வேலை செய்துகொண்டு, காலிப் பெட்டிகளை இங்கே நிரப்பி, ஊரில் சேர்த்ததையும் இணைத்து அனுப்புங்கள். வேலைக்கான நேர்முகத்திலேயே "போர்ட்போலியோ பாதைக்கு உதவுவீர்களா, படிப்புக்கு நேரம் தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கேட்கக் கூச்சம். கேட்காதவருக்கு இரவு ரோட்டாதான் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் 1500 பவுண்ஸுக்கு மேல், அதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். முடிவு வர ஆறு மாதமளவில் ஆகலாம்.

பிணையும் லீவும்

வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சம்பளத்தோடு போகிறவர்கள் பிணை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், பிணைகாரர்களும் வைக்கிறார்கள். திரும்பி வராவிட்டால் கடிதம் உங்களுக்கு வராது, பரந்தனில் ஆசிரியராக இருக்கிற உங்கள் மாமாவுக்கு வரும். அதை நினைத்து முடிவெடுங்கள், முறையாகக் கட்டித் தீர்க்க முடியும் என்றால் தீர்த்துவிட்டுப் போங்கள். 2022 இல் பொருளாதாரம் விழுந்தபோது வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போக வழி திறந்தது. ஆனால் வைத்தியர்களுக்குச் சுகாதார அமைச்சின் அனுமதி என்று ஒரு படலை தனியாக இருக்கிறது. எழுத்தில் அனுமதி வராமல் டிக்கெட் போடாதீர்கள். பதவியை விட்டு விலகியவர் என்று பதிவானால், பிறகு அதே ஆஸ்பத்திரியிடம் சான்றுக் கடிதம் கேட்டுப் போக எந்த முகத்தோடு போவது?

நீ போனால் இங்கே யார் பார்ப்பது என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். பதில் என்னிடம் அன்றைக்கும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

மற்ற நாடுகள்

அவுஸ்திரேலியாவில் நிபுணர் பாதை ஒருவிதத்தில் எங்களுக்குச் சுலபம், அவுஸ்திரேலிய மருத்துவ சபையின் ஏ.எம்.சி. சோதினை எழுதத் தேவையில்லை. சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகு உங்கள் துறைக்கான கல்லூரி விண்ணப்பத்தையும் உங்களையும் நேர்முகத்தில் பார்த்து மூன்றில் ஒன்று சொல்லும்: பெரும்பாலும் ஒப்பானவர், பகுதியளவில் ஒப்பானவர், ஒப்பில்லாதவர். முதலாவது என்றால் ஒரு வருடம் வரை மேற்பார்வையில் வேலை, இரண்டாவது என்றால் இரண்டு வருடம் வரை பயிற்சி, கல்லூரிச் சோதினையும் வரலாம். சீனியர் றெஜிஸ்ட்ரார் வருடத்தை அங்கே செய்தவர்களுக்கு அந்த வருடமே நல்ல சாட்சி. 2024 ஒக்டோபரில் தொடங்கிய விரைவுப் பாதையைப் பற்றி நிறையப் பேர் உற்சாகமாகக் கேட்கிறார்கள். அது பிரித்தானியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளின் குறிப்பிட்ட தகுதிகளுக்காகத் தொடங்கியது, கொழும்பு எம்.டி.க்காக அல்ல.

கனடா என்றால் ரொறன்ரோ மாமாமாரின் பேச்சைக் கேட்டு அவசரப்படாதீர்கள். அங்கே கனடாவின் சொந்த றோயல் கல்லூரி, நிபுணத்துவப் பயிற்சியை ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் இருக்கின்றன, இலங்கை இல்லை. ஸ்காபரோவில் சொந்தக்காரர் எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் பட்டியல் நீளாது. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் முதலில் மொழியைப் படியுங்கள். பொது ஜெர்மனுக்கு மேலாக வைத்தியர்களுக்கான மொழித் தேர்வு சி1 தரத்தில் இருக்கும், அதைத் தாண்டி வைத்திய உரிமம் எடுத்த பிறகுதான் நிபுணத்துவப் பேச்சு, அதுவும் மாநில வைத்தியர் சம்மேளனத்திடம். வளைகுடாவுக்கு டேட்டாபுளோ என்கிற சான்றிதழ்ச் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் என்கிற கணினிச் சோதினையும். அங்கே போர்ட் சேர்ட்டிபிகேட்டுக்குப் பிறகு எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் ஸ்பெஷலிஸ்ட்டா கன்சல்டன்ற்றா என்று பிரிப்பார்கள், ஆகவே சேவைக் கடிதங்களில் தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் தெளிவாக இருக்கட்டும்.

முதல் தடவை மறுத்தால்

மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்கவேண்டாம். எது போதவில்லை என்று வரிக்கு வரி எழுதியிருப்பார்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தக் குறைகளை மட்டும் நிரப்பி மீளாய்வு கேட்கலாம், முழுவதையும் புதிதாக அனுப்பத் தேவையில்லை.

எனக்கு முதல் தடவை மறுத்தார்கள். நான்கு குறை, மூன்றை இங்கேயே நிரப்பினேன். நான்காவது, வன்னியில் நான் இரண்டு வருடம் வேலை செய்த ஒரு ஆஸ்பத்திரியில் செய்த ஓடிட். அறிக்கை இருக்கிறது, உறுதிப்படுத்திய கையெழுத்து இல்லை. அப்போதிருந்த கன்சல்டன்ற் ஓய்வு பெற்றுவிட்டார். பணிமனைக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. போன் எடுத்தால் ஐயா மீற்றிங்கில். இப்படியே ஐந்து மாதம் போய்விட்டது. கடைசியில் மருமகனைப் பிடித்தேன். அவன் மோட்டார் சைக்கிளில் மூன்று தடவை போய், மூன்றாவது தடவை காலையிலேயே வாசலில் நின்று, பணிமனையில் வருகைப் பதிவையும் கூட்டக் குறிப்பையும் தேடி எடுக்கச் செய்து, எல்லாவற்றிலும் சீல் குத்துவித்து, அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்பினான். சீல் மங்கலாக விழுந்திருந்தது. நான் அழைத்துச் சொன்னேன். "பொறுங்கோ மாமா" என்றவன், பக்கத்துக் கடையில் ஒரு மைப் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனான்.